மாயப் புதினமும் மனத்தின் ஊக்கமும்

புதினம் எழுதத் தொடங்குவோர் பலர். முடித்துக் கையில் எடுப்போர் சிலர். மாயப் புதினத்துக்கு இவ்வுண்மை இன்னும் மிகுதியாகப் பொருந்தும். இல்லாத நாட்டையும் இல்லாத உயிர்களையும் இயற்கை கடந்த ஆற்றல்களையும் படைத்து, நானூறு ஐந்நூறு பக்கங்களுக்கு அவற்றை உயிருடன் வைத்திருக்க வேண்டிய நெடுங்கதையையே இங்கு மாயப் புதினம் என்கிறேன். நடப்பியல் புதினம் எழுதுவோர் கதை தடைப்பட்டால் தெருவில் இறங்கி நடக்கலாம். ஏதேனும் ஒன்று கண்ணில் படும். மாயப் புதினம் எழுதுவோர்க்கு அவ்வசதி இல்லை. அவர் எழுதாத நாள்களில் அவர் படைத்த உலகமும் இருப்பதில்லை. ஆகவே எழுதும் ஊக்கம் எங்கே பிறக்கிறது, அது வற்றும்போது கதையைக் கைவிட எழுத்தாளனுக்கு உரிமை உண்டா என்னும் வினாக்கள் அவரை மிகக் கூர்மையாகத் தைக்கின்றன. கெடா மண்ணில் நின்று அவற்றை எண்ணிப் பார்ப்போம்.

மாயக் கதைக்கு இம்மாநிலத்தில் பஞ்சமே இல்லை. பீடோங்கிலோ சுங்கைப் பட்டாணியிலோ வாழும் மாணவன் நாள்தோறும் காணும் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம் உடையது. பண்டைக் கடலோடிகளுக்குத் திசை காட்டிய மலை. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் கிடக்கின்றன. 1025-ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கடற்படை வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு கூறும் கடாரம் இதுவே என்பர். மலாய் மொழியிலோ ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா என்னும் நூல் இருக்கிறது. ரோம் நாட்டு இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் நிகழவிருந்த திருமணத்தைக் குலைக்கக் கருடன் பாய்ந்து வருவதும், மணமகனின் கப்பல்களுடன் வந்த மேரோங் மகாவங்சா அதனோடு போரிடுவதும், பின் இக்கரையில் இறங்கி அரசு அமைப்பதும் அதில் வரும். கோரைப்பல் முளைத்த அரசன் ராஜா பெர்சியோங்கின் கதையும் அதில்தான் உண்டு. அவன் தன் பற்களைப் பிடுங்கி எறிந்ததால்தான் பாலிங் என்னும் ஊர்ப்பெயர் வந்தது என்று இன்றும் மக்கள் சொல்வர்.

இத்துணை வளம் இருந்தும் எழுதப் புகுந்தவர் ஏன் பாதியில் சோர்கிறார்? நேரமின்மை, வேலைக் களைப்பு என்று காரணம் சொல்லலாம். அவை உண்மைதாம். ஆயினும் அவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது மனத்துக்குள் எழும் குற்றச்சாட்டு. மலேசியத் தமிழ் உரைநடை பால்மரக்காட்டு மக்களின் துயரைச் சொல்லி வளர்ந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத்து மக்கள் கொண்டுசெல்லப்பட்டு மாண்டதையும், ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்ததையும், இரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும் எழுத வேண்டிய கை, பறக்கும் கருடனை எழுதலாமா? இதைத் திறனாய்வாளர் கேட்பதற்கு முன்பே எழுத்தாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார். விடை கிடைக்காதபோது பேனா நின்றுவிடுகிறது. இக்கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன். பொறுப்புள்ள மனத்தில்தான் அது எழும்.

விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை; வகுப்பறையில் நாம் நடத்தும் மணிமேகலையே போதும். வானில் பறத்தல், பசி போக்கும் மந்திரம், முற்பிறப்பு உணர்த்தும் பீடிகை என அக்காப்பியம் முழுதும் மாயம். அதன் நடுவில் இருப்பது அமுதசுரபி. அப்பாத்திரத்தை நாம் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் என்ன? அள்ள அள்ளக் குறையாமை மட்டுமானால் அது ஒரு வித்தைப் பொருள். யானைத்தீ நோயால் எவ்வளவு உண்டும் பசி தீராத காயசண்டிகை வந்து கை நீட்டும்போதுதான் பாத்திரம் பொருள் பெறுகிறது. சாத்தனார் கூலவாணிகர் என்பது மரபு. தானியம் அளந்த கை பசியை அறிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. பசியை எழுதுவதற்காகவே அவர் மாயத்தை நாடினார். அவரைத் தப்பியோடியவர் என்று எவரும் சொல்லத் துணிவரோ?

இதிலிருந்து எழுதுவோர்க்கு ஒரு பயன் உண்டு. ஊக்கம் குன்றும்போது பெரும்பாலோர் செய்வது மேலும் மாயங்களைச் சேர்ப்பது. ஓர் அரக்கன் போதாது என்று மூவர் வருவர்; ஒரு வாள் போதாது என்று ஏழு வாள்கள் வரும். படிப்பவர் களைப்பதற்கு முன்பே எழுதுபவர் களைத்துவிடுவார். அவ்வேளையில் தேட வேண்டியது கதைக்குள் இருக்கும் பசியை. ராஜா பெர்சியோங்கின் கதை எங்கே தொடங்குகிறது? அரியணையில் தொடங்கவில்லை. அரண்மனை அடுக்களையில், கீரை அரியும்போது விரலை வெட்டிக்கொண்ட ஒரு சமையல் ஆளிடம் தொடங்குகிறது. குருதி குழம்பில் சொட்டுகிறது. அஞ்சிய ஆள் சொல்லாமல் பரிமாறுகிறார். அரசன் அதன் சுவையை விரும்பிவிடுகிறான். அச்சமையல் ஆளுக்கு வேறு கீரை ஆய்ந்து சமைக்க நேரம் இருந்ததா? தாமதமானால் என்ன தண்டனை? உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவ்வினாக்களை எழுப்பினால் அன்றே பத்துப் பக்கம் எழுதலாம். மேலாளரின் அடுக்களையில் வேலை பார்த்தவர்களையும், பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நடுங்கி நின்றவர்களையும் அறிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வச்சம் புதிதன்று. கோரைப்பல் அரசனும் துண்டாடப்பட்ட தோட்டமும் அவ்வளவு தொலைவில் இல்லை.

எழுத வேண்டிய பசி கிடைத்தாலும் நாள்தோறும் எழுதும் ஒழுங்கு வேண்டும். இதைப் பால் வெட்டுவோரிடம் கற்கலாம். பால் நன்றாக இறங்கும் குளிர்ந்த வேளை நோக்கி அவர் விடியுமுன் நிரைக்குப் போகிறார். மேலோட்டமாக வெட்டினால் பால் போதாது. ஆழ வெட்டினால் மரத்தில் காயம் பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னாளில் அவ்விடத்தில் உளி ஓடாது. நாள் தவறாமல் வெட்டப்படும் மரம் ஒருநாள் பால் கொடுப்பதையே நிறுத்திவிடும். ஆகையால் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது பெருவழக்கம். பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. ஓய்வு மரத்துக்குத்தான்; வெட்டுபவர் அன்று அடுத்த நிரையில் இருப்பார். இன்று கதை ஓடாவிட்டால் எழுத்தாளரும் தம் நாட்டின் படத்தை வரையலாம், ஊர்களுக்குப் பெயர் வைக்கலாம், எழுதியதைப் படித்துப் பார்க்கலாம். உள்ளக்கிளர்ச்சி வரட்டும் என்று திண்ணையில் காத்திருப்பவரையும், ஒரே இரவில் நாற்பது பக்கம் எழுதிவிட்டு நான்கு மாதம் பேனாவைத் தொடாதவரையும் நான் ஒன்றாகவே கருதுகிறேன்.

மேலைநாட்டிலும் இத்தளர்ச்சி அறியாததன்று. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் தால்கீன் தேர்வுத்தாள் திருத்துகையில் வெற்றாக விடப்பட்ட ஒரு பக்கத்தில் எழுதிய ஒற்றை வாக்கியத்தில் ‘ஹாபிட்’ கதை தோன்றிற்று. (திருத்தும் கட்டுக்கு நடுவே நம் ஆசிரியர்களுக்கு இது ஆறுதலாகட்டும்.) அதன் தொடர்ச்சியாக ‘மோதிரங்களின் தலைவன்’ புதினத்தை அவர் 1937 டிசம்பரில் தொடங்கினார், நூல் வெளிவந்தது 1954, 1955-ஆம் ஆண்டுகளில். இடையில் போர் வந்தது. மோரியா என்னும் சுரங்கத்தில், ஒரு கல்லறை முன் கதைமாந்தரை நிறுத்திவிட்டு ஏறத்தாழ ஓராண்டு அவர் மேலே செல்லவில்லை. முடிக்காமலே போய்விடுவோமோ என்னும் அச்சத்தையே, ஓர் ஓவியன் ஓர் இலையிலிருந்து மரம் வரையத் தொடங்கி முடியாமல் தவிக்கும் சிறுகதையாக்கி 1945-இல் வெளியிட்டார். அவரை மீண்டும் எழுத வைத்தவருள் முதல்வர், இயல்தோறும் கேட்டு ‘அடுத்தது எங்கே’ என்று வற்புறுத்திய நண்பர் லூயிஸ். கல்கிக்கு அத்தகைய நண்பர்களாக வார இதழின் வாசகர் இருந்தனர். 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வாரம் தவறாமல் வந்ததற்கு அக்காத்திருப்பும் ஒரு காரணம். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த அமரதாராவை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார்.

கூலிமிலோ பாலிங்கிலோ தனித்து எழுதுபவர்க்கு அத்தகைய கேட்போர் யார்? நம் நாளேடுகளின் ஞாயிறு இதழ்கள் சிறுகதையை வளர்த்தன. நெடுங்கதைக்கு இடம் குறைவு. 1924-இல் பிறந்த தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது இருந்த இடமும் சுருங்கியது. பரிசுப் போட்டிகள் கெடுநாள் ஒன்றைத் தருகின்றன, கேட்போரைத் தருவதில்லை. இவ்விடத்தில்தான் கைவிடும் உரிமை பற்றிய என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். எவருக்கும் சொல்லாத கதையை விட்டுவிடுபவர் தமக்கே பொறுப்பு. ஒருவருக்கேனும் பாதி சொன்னபின் அது கடனாகிவிடுகிறது. கடன்பட்ட நெஞ்சத்துக்கு ஊக்கம் தானே வரும். ஆகவே மாணவன் தன் மாயக் கதையின் முதல் இயலைக் கொண்டுவந்தால், ஆசிரியர் ஒற்றுப்பிழையைச் சுழிப்பதற்கு முன் ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று ஒருமுறை கேட்கட்டும். பிழையை மறுவாரம் திருத்திக்கொள்ளலாம்.

எழுதப் பொருள் கேட்போர்க்கு ஒன்று சொல்வேன். அமுதசுரபியை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேட்டு, பாத்திரத்தோடு அவன் கப்பலேறினான். காற்று கடுகியதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கிற்று. இறங்கிய அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி நள்ளிரவில் பாய் விரித்துச் சென்றுவிட்டது. ஆளற்ற தீவில் ஊட்டுவதற்கு எவருமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாது உயிர் நீத்தான். சாத்தனார் அவனோடு தங்கிவிட்டார். கப்பலோ நம் கடலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் விடிந்தபின் அவனைத் தேடியிருப்பார்கள். பசித்த கரையில் பாத்திரம் இல்லாமல் இறங்கியபோது, அங்கே காத்து நின்றவர்களிடம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எழுதப்படாமல் கிடக்கிறது.