இன்மையை அளத்தல்

அளவை என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. நிறுத்தலும் முகத்தலும் அளவை. காண்டல், கருதல், உரை என மெய்யறிவுக்கு வாயிலாவனவும் அளவை. இவை தம்முள் எத்துணை நெருங்கியவை என்பதைக் கதிர்த்தொழிற்பாட்டு மாசினைத் தேடும் கருவிகளிடத்துக் காணலாம். அம்மாசுக்கு நிறமில்லை, மணமில்லை. கருவி ஒன்றே காண்டல். அது யாதொன்றும் காட்டாதவிடத்து, "இங்கு ஒன்றுமில்லை" எனக் கூற நமக்கு உரிமை உண்டா?

பாட்ட மீமாஞ்சகர் இன்மையை அறிதற்கு அனுபலப்தி எனத் தனி அளவை ஒன்றை வகுத்தனர். ஆயினும் வெறுங் காணாமை இன்மைக்குச் சான்றாகாது. பொருள் இருந்திருப்பின் கண்டிருத்தல் கூடும் என்னும் தகுதி வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. இருளில் குடத்தைக் காணாதவன் குடமில்லை எனல் ஆகாது. கருவித் தெரிவின் இலக்கணமும் இதுவே. அல்பாத் துணிக்கையை ஒரு தாள் தடுத்துவிடும். தடித்த உலோகச் சுவருடைய கைகர் எண்ணியை அல்பா மாசின்மீது எவ்வளவு நேரம் பிடித்தாலும் அது பேசாது. மெல்லிய மைக்காச் சாளரமுடைய எண்ணியோ, நாகசல்பைட்டுத் திரையில் எழும் மினுக்கத்தை எண்ணும் கருவியோ வேண்டும். அதனையும் மேற்பரப்பை ஒட்டி மெதுவாக நகர்த்தல் வேண்டும். மிகு செறிவில் நேர்வது இன்னும் விபரீதமானது: கைகர் எண்ணி திணறிக் குறைத்துக் காட்டும், சிலவேளை பூச்சியமே காட்டும். அங்கு அயனாக்க அறை கொண்ட கருவியே ஏற்றது.

1986 ஏப்பிரல் 26 அன்று செர்ணோபில் உலை வெடித்தபோது, உடனடியாகக் கைக்கெட்டிய கருவிகள் பல மணிக்கு 3.6 றொன்ட்கனுக்கு மேல் காட்ட இயலாதவை. முள் எல்லையில் நின்றது, 3.6 என்னும் எண் மேலிடத்துக்குச் சென்றது. முகத்தற் கலம் நிரம்பி வழிந்தபின், கலத்தின் கொள்ளளவைக் கடலின் அளவாகக் கூறியதற்கு இது ஒக்கும். "கருவி காட்டியதையே சொன்னேன், பொய்யுரைக்கவில்லை" என ஒருவர் வாதிடலாம். எல்லையைச் சொல்லாது எண்ணை மட்டும் சொல்வது மெய்யுரையாகாது என்பதே என் கருத்து. எனினும், வேறு கருவியின்றி உலையருகே நின்றவனின் குற்றமும், அவ்வெண்ணை ஆறுதலாகப் பற்றிக்கொண்டவரின் குற்றமும் ஒரே எடையின அல்ல.

1987 செப்ரெம்பரில் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து சீசியம்-137 கொண்ட பொறி வெளியே எடுத்துச் செல்லப்பட்டது. அம்மாதம் 29ஆம் நாள் பௌதிகர் ஒருவர் மினுக்க எண்ணியொன்றை இரவல் பெற்று அப்பொருளைச் சோதிக்கச் சென்றார். வழியிலேயே முள் எத்திசை திருப்பினும் எல்லையைத் தொட்டது. கருவி பழுதென எண்ணித் திரும்பிச் சென்று வேறொன்று பெற்றார். அதுவும் அவ்வாறே காட்டிற்று. அவருடைய முதல் எண்ணம் பிழை, ஒழுக்கமோ சரியானது. முதற் கருவியை நம்பாதவர் தம் ஐயத்தையும் நம்பாது, அதனை மற்றொரு கருவியாற் சோதித்தார். தீயணைப்புப் படையினர் அப்பொருளை ஆற்றில் எறிய இருந்தனர், அவர் தடுத்தார்.

நால்வர் இறந்தனர். விளையாட்டரங்கில் ஏறத்தாழ 112,000 பேர் சோதிக்கப்பட்டு, 249 பேரிடம் மாசு காணப்பட்டது. எஞ்சியோர்க்குக் கிடைத்த விடை "இல்லை" என்பதே. கோயானியாவிலிருந்து வந்தோரை வேற்றூர் விடுதிகள் ஏற்க மறுத்தமையால், அவ்வில்லாமைக்குச் சான்றிதழும் வேண்டியதாயிற்று. சோதித்தவர் எக்கருவியைப் பிடித்தார், எவ்வளவு அணுக்கமாகப் பிடித்தார் என்பதைத் தாளை வாங்கிச் சென்றவர் எங்ஙனம் அறிவார்?