கேட்டதற்கு மேல் கொடுக்கும் நீதிபதி

மறைமலை நகரில் என்னோடு ரூமில் இருக்கும் நண்பனுக்கு லேபர் கோர்ட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து நிறுத்தப்பட்டவன். போன வாய்தா முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "ஜட்ஜ் மாறிட்டாருடா. புது ஆள் எப்படின்னு தெரியல."

சட்டம் மாறவில்லை, கட்டில் இருக்கிற காகிதமும் மாறவில்லை. ஆனாலும் அவன் பயம் நியாயமானது என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

2025 டிசம்பரில் எங்கள் ரூமில் நடந்த சண்டையும் இந்த 'எப்படி' பற்றித்தான். திருப்பரங்குன்றம் மலையில் தீபத்தூணில் விளக்கேற்றச் சொன்னார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். அவரைப் பதவி நீக்கக் கோரி நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் கையெழுத்திட்டார்கள். சங்கி என்றான் ஒருவன், நேர்மையானவர் என்றான் இன்னொருவன். இன்னும் பதவியில் இருப்பவர். கணக்கு முடிக்கும் நேரம் இது இல்லை. ஆனால் இதுவரை எழுதிய தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2019 ஏப்ரல். தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் செய்த திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சொன்னவர் இதே சுவாமிநாதன். அதோடு நிற்கவில்லை. இடைப்பால் குழந்தைகளுக்கு ஆணாக்கவோ பெண்ணாக்கவோ செய்யும் அறுவைச் சிகிச்சையைத் தடுக்க அரசாணை வேண்டும் என்றார். வழக்கு ஒரு திருமணப் பதிவைப் பற்றியது. குழந்தைகளைப் பற்றி அல்ல. ஆனாலும் அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு ஆணை போட்டது. ஏதோ ஒரு பிரசவ வார்டில் ஒரு குழந்தை அந்தக் கத்தியிலிருந்து தப்பித்திருக்கும். 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்த பெண்ணை அவள் தோழியோடு போகவிட்ட இருவர் அமர்விலும் அவர் இருந்தார். குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை என்றது அந்தத் தீர்ப்பு.

இப்போது 2024 மே. கரூர் மாவட்டம் நெரூரில் பக்தர்கள் சாப்பிட்ட எச்சில் இலைகள் மேல் அங்கப்பிரதட்சணம் செய்ய அனுமதித்தார். 2015-இல் இரு நீதிபதிகள் அமர்வு தடுத்திருந்த சடங்கு அது. தனி நீதிபதி அதை மீற முடியாது. பாதிக்கப்படும் தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு, அதனால் கட்டுப்படுத்தாது என்று வழி கண்டார். 2025-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

இதில் என்னைத் தூங்கவிடாதது அவர் சொன்ன காரணம். அந்தரங்க உரிமைக்குள் பாலினமும் பாலீர்ப்பும் வரும் என்றால், ஒருவரின் ஆன்மிக நாட்டமும் வரும் என்றார். திருநங்கைக்குத் திறந்த அதே கதவுதான். 'நல்ல தீர்ப்பு, கெட்ட தீர்ப்பு' என்று இரண்டு டப்பாவில் போட்டுவிட்டால் இது கண்ணில் படாது.

(டப்பாவில் அடங்காத ஆள் பேரில்தான் எங்கள் ஊரே இருக்கிறது. மறைமலை அடிகள் தீவிர சைவர், தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரும் அவரே. பழமைவாதியா புரட்சியாளரா? ஆதார் முகவரியில் எழுதுகிறோம், யோசித்ததில்லை.)

பாதி காரணத்தோடு நான் உடன்படுகிறேன். ஆனால் எச்சில் இலை தனி ஆளின் நாட்டம் மட்டும் இல்லை. யார் சாப்பிட்ட இலையில் யார் உருளுகிறார்கள் என்ற கேள்வியில் சாதி இருக்கிறது, வரலாறு இருக்கிறது. விரும்பித்தான் உருளுகிறார் என்பதால் அது மறைந்துவிடாது. அந்த இடத்தில் அவர் சறுக்கினார் என்றே நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. கேட்டதற்கு மேல் போவது, முன்னால் கிடக்கும் தடையைச் சுற்றிப் போவது, இரண்டும் ஒரே கையின் பழக்கம். 2019-இல் அந்தப் பழக்கத்துக்குத்தான் நான் ஸ்டேட்டஸ் போட்டேன். 'வரம்பு மீறல்' என்ற சொல்லே அப்போது என் வாயில் வரவில்லை. திருப்பரங்குன்றம் உத்தரவை 2026 ஜனவரியில் இருவர் அமர்வு உறுதி செய்தது. அதனால் மட்டும் என் சங்கடம் தீரவும் இல்லை. நெரூர் ரத்தானதால் மட்டும் நான் ஜெயித்துவிடவும் இல்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினான்.

"எனக்கு வர்ற ஜட்ஜ் கேட்டதுக்கு மேல குடுத்தா வேணாம்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"கம்பெனிக்குக் குடுத்தா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு செகண்ட் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. இப்போது வேறொரு இடத்தில் வேலை, அதுவும் ஒப்பந்தம்தான்.