கல் பெற்ற சாவும் கல் பெறாச் சாவும்

கிள்ளான் பட்டணத்துக் குன்றொன்றின்மேல் ராஜா மஹாடி கோட்டையின் வாயில் இன்றும் நிற்கின்றது. விடுமுறை நாளில் நம்மவர் சிலர் அங்குச் சென்று படம் பிடித்து மீள்கின்றனர். அது பிழையென யாம் கூறோம். ஆனால், அங்கு மடிந்தவர் யாவர், எதன்பொருட்டு மடிந்தனர் என வினவாது மீள்வது, எழவு வீட்டிற்குச் சென்று பந்தலின் அழகை மெச்சி வருவதை ஒக்கும்.

1867இல் மூண்ட கிள்ளான் போருக்கு மூலம், ஆற்று வழியே இறங்கிய ஈயத்தின்மீது தண்டிய வரி. ஆற்றைப் பிடித்தவன் வரியைப் பிடித்தான். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1857இல், ராஜா அப்துல்லா ஈயந் தேட அம்பாங்கிற்கு அனுப்பிய சீனத் தொழிலாளர் 87 பேர். காட்டுக் காய்ச்சலுக்குத் தப்பியோர் 18 பேரே. கோலாலம்பூர் மாநகரின் வித்து அவர்தம் உடலே எனலாம். ராஜாவின் பெயர் கோட்டைக்கு உண்டு. மாண்ட 69 பேர்க்கும் எஞ்சியது தொகை ஒன்றே.

நம்மவர்க்கோ அத்தொகையும் திட்டமாக இல்லை. 1942-43இல் ஜப்பானியர் சயாமினின்று பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரந் தமிழர் ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்டனர். வாந்திபேதியும் பட்டினியும் அவர்களை உண்டன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் துயிலும் இடுகாட்டில் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அங்கு விதி. மேலான விதிதான், ஆயினும் படையைச் சேர்ந்தார்க்கே அது உரியது. மண்வெட்டி பிடித்தவன் படைவீரனல்லன். ஆதலின் அவன் சாவு போர்ச்சாவன்றாம்! இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 வரை என்பர் சிலர். இன்னும் மிகும் என்பர் வேறு சிலர். பல்லாயிரக் கணக்கில் ஆடும் தொகை ஒரு தொகையாமோ?

தோட்டத்துக் கிராணியாகிய எமக்கு இது செரிப்பதன்று. செக்ரோலில் ஒருவனது அரைநாள் விடுபட்டாலும் மறுநாட் பெரட்டில் வந்து கேட்பான். கேட்க அவனுக்கு உரிமையுண்டு. கூலிக்குப் பெயர் வேண்டும். சாவுக்கு மட்டும் பெயர் வேண்டாவோ?

‘மாண்டார்க்குக் கல் நட்டு யாது பயன்? அப்பணத்தைப் பிள்ளைகளின் கல்விக்கு ஈக’ எனச் சீர்திருத்த அன்பர் சிலர் உரைப்பர். கல் மாண்டவனுக்கு உதவாதென்பது மெய்யே. யாம் முதற்கண் கேட்பது பெயரை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த பழைய நடுகல்லொன்றில், ஆநிரைப் பூசலில் பட்ட ஒருவனது பெயரும் ஊரும் தமிழ்ப் பிராமியிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவனை அரசனென்று அக்கல் கூறவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பட்டவன் ஊரை அறிவோம். எண்பதாண்டுக்கு முன் சயாம் சென்ற நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் ஊரை அறிவோம்?

2023இல் காஞ்சனபுரியில் அத்தமிழர்க்கும் ஒரு நடுகல் எழுந்தது, மகிழ்கின்றோம். ஆயினும் ஒரு கல் அத்தனை பெயரையும் தாங்காது. லயங்கள் பல இடிந்து வீட்டுமனைகளாயின. பிரிக்பீல்ட்ஸ் மாடிகளிலும் கிள்ளான் வீடுகளிலும் இன்னும் சில மூதாட்டியர் உளர். தந்தை எத்தோட்டத்தினின்று, எவருடன், எம்மாதம் லோரி ஏறினார் என்பதை அவர் அறிவர். நேயர்கள் இவ்வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்களிடம் செல்வார்களாக.