நல்ல பெடியன், பிழையான குழாய்

பாரிசின் லாச்சப்பலில் எதற்கும் ஆள் கிடைக்கும். குழாய் ஒழுகினாலும் சரி, மின்சாரம் பட்டென்று நின்றாலும் சரி, குளியலறைக்கு மாபிள் பதிக்க வேண்டுமென்றாலும் சரி, ஃபோபூர் சென் தெனித் தெருக் கடையொன்றில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே "ஆரும் ஆள் இருக்கோ?" என்று கேட்டால் போதும். கல்லாவில் நிற்பவர் கைபேசியை எடுத்துவிடுவார். தொலைபேசி எண்ணோடு சான்றிதழும் சேர்ந்து வரும்: "நல்ல பெடியன்." அந்தப் பெடியனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அது வேறு கதை.

அந்த இரண்டு சொற்களில் நிறையத் தகவல் உண்டு. ஆள் குடிப்பதில்லை, வாங்கிய முற்பணத்தோடு ஓடமாட்டான், ஊரில் தாய்க்குக் காசு அனுப்புகிறான், வீட்டில் பெண்கள் தனியே இருக்கும்போது வந்தாலும் பயமில்லை. எல்லாமே தேவையான தகவல்கள்தாம். குழாயைப் பற்றித்தான் அதில் எதுவும் இல்லை.

அக்காவும் அத்தானும் லு பூர்ஜே பக்கம் பழைய வீடொன்றை வாங்கியிருந்தார்கள். வரவேற்பறையில் செங்கல்லால் கட்டிய கணப்பு. 2022 குளிர்காலம் வந்தபோது மின்சாரமும் எரிவாயுவும் விற்ற விலையில், விறகு எரிக்கலாம் என்று அத்தானுக்கு யோசனை தோன்றியது. திறந்த கணப்பில் விறகெரிப்பது கண்ணுக்கு அழகு. சூட்டில் பெரும்பகுதி புகையோடு கூரைக்கு மேலே போய்விடும், பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ அறைக்குள் நின்றால் பெரிய காரியம். அதற்குத்தான் இன்சேர்: கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி. பழைய கணப்பின் வாய்க்குள் அதைச் செருகிவிட்டால், அதே விறகு பல மடங்கு சூடு தரும். பெட்டியைக் கடையில் வாங்கியாயிற்று. பொருத்த ஆள் லாச்சப்பலில் கிடைத்தான். சமையலறை, பெயின்ற், பிளாஸ்ரர் எல்லாம் கைவந்தவன். இரண்டு நாளில் வேலை முடிந்தது, காசு கைமாறியது, தேநீரும் வடையும் கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியே பார்க்கத் திருத்தமான வேலை. மூலைகள் நேராக இருந்தன, வெள்ளைப் பூச்சு பளபளத்தது. எரிக்கத் தொடங்கியபின் கண்ணாடி ஒரு மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும், அதுவும் அக்கா மீன் பொரிக்கும்போது மோசமாக. மேலே சுவரில் மஞ்சள் படர ஆரம்பித்தது. "விறகு ஈரமாக்கும்" என்று விறகை மாற்றினார்கள். இரவில் அக்காவுக்குத் தலையிடி. "வேலைக் களைப்பாக்கும்" என்று மாத்திரை போட்டாள்.

புகைபோக்கி துப்புரவாக்க வந்த பிரெஞ்சுக்காரர்தான் விடயத்தை உடைத்தார். பிரான்சில் விறகு எரிக்கும் வீட்டின் புகைவழியை ஆண்டுக்கு ஒரு தடவையாவது துப்புரவாக்க வேண்டும் என்று 2023இல் வந்த அரசாணை சொல்கிறது. பல இடங்களில் உள்ளூர் விதிப்படி இரண்டு தடவை. வேலை முடிந்ததும் அவர் தரும் தாளை வீட்டுக் காப்புறுதிக்காரர் கேட்பார். அந்த மனிதர் விளக்கைப் பிடித்து மேலே பார்த்தார், கூரைக்கு ஏறி இறங்கினார், தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

பிழை ஒன்றல்ல. திறந்த கணப்பில் தீ வேண்டிய மட்டும் காற்றை இழுக்கும், அகலமான செங்கல் வழியால் புகை ஏராளமான சூட்டோடு மேலே பாயும். இன்சேரில் காற்றும் குறைவு, புகையும் குறைவு. அந்தக் கொஞ்சப் புகையை அகலமான, குளிர்ந்த பழைய வழிக்குள் விட்டால் நடுவழியில் ஆறிப்போய்த் தாராகச் சுவரில் படியும். படிந்த தார் ஒருநாள் தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே இன்சேரின் கழுத்திலிருந்து கூரைக்கு மேலே வரை, துருப்பிடிக்காத உருக்குக் குழாயை உள்ளே இறக்க வேண்டும். துபாஜ் என்பது இதைத்தான். அக்கா வீட்டில் ஒரு முழ நீளக் குழாய் செங்கல் வழிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றது. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

பெட்டிக்கு மேலே கட்டிய வெள்ளைக் கூண்டுக்குள், சூடு தாங்கும் பாறைப் பஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் தாள் ஒட்டிய சாதாரணக் கண்ணாடிப் பஞ்சு. பெட்டியிலிருந்து புகைவழிக்குப் போகும் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு தூரம் வேண்டும், எப்படியும் 375 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது இங்குள்ள தொழில் விதி. பழைய மரவளையோ ஒரு சாண் தள்ளி நின்றது. கூண்டின் சூடு வெளியேறத் துவாரம் இல்லை. வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லை. மீன் பொரியலின் மர்மம் அதுதான்: சமையலறை மின்விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, மாற்றுக் காற்று வரும் ஒரே வழி புகைபோக்கி. புகையும் கூடவே கீழிறங்கும், அதோடு நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டும். தலையிடி அதன் முதல் அறிகுறி.

இதையெல்லாம் நாம் ஏன் கவனிக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் குசினி பெரும்பாலும் தனியாக இருந்தது. பனைமட்டையும் பொச்சுமட்டையும் எரியும், புகை ஓட்டு இடுக்காலும் கிடுகு இடுக்காலும் தன்பாட்டில் போகும். கண் எரியும், அவ்வளவுதான். புகை ஆளைக் கொல்லும் என்ற பயம் நம் உடம்பில் ஊறவில்லை. வீட்டை இறுக மூடிக்கொண்டு உள்ளே தீ வைக்கும் நாட்டில்தான் புகைக்கு ஒரு பாதை கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாலின்கிராட்டில் மெத்ரோ இரண்டாம் இலக்கம் தரைக்கு மேலே ஓடுகிறது. பார்பெஸ் தாண்டி ஜோரெஸ் வரை யன்னலால் பார்த்தால், துத்தநாகக் கூரைகளின் மேல் சிவந்த மண்குழாய்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஏதோவோர் அறையின் கணப்புக்குச் சொந்தம். அருகே நிற்கும் ரொத்தோந் என்கிற வட்டக் கட்டடம் ஒருகாலத்தில் வரிச்சாவடி; பாரிசுக்குள் நுழையும் விறகுக்கும் அக்காலத்தில் வரி இருந்தது. அப்படி ஒரு நகரத்தில் புகைபோக்கிக்காரன் என்பவன் தனித் தொழிலாளி. பெயின்ற் அடிப்பவன் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை இல்லை அது.

வீட்டில் இனி என்ன செய்வது என்ற பேச்சு நீண்டது. பிழை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவனிடம் சொல்வதா, விடுவதா என்பதுதான் வழக்கு. "அவன் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்றாள் அக்கா. "பஜோல் பிள்ளையார் தேருக்கு முகத்தைப் பாக்கவேணும்" என்றார் அத்தான். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா, அவன் தகப்பன் எங்கள் தாத்தாவின் செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்ததை நினைவுபடுத்தினார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு விளங்கியது, குழாயைப் பற்றிய விசாரணையில் குழாய் எங்கேயோ தவறிப்போய்விட்டது. விசாரிக்கப்படுவது அவன் மனம். மனம் சுத்தம், ஆகவே வழக்குத் தள்ளுபடி.

இந்த இடத்தில் எமில் சோலாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவருக்கும் லாச்சப்பலுக்கும் தூரமில்லை. 1877இல் நூலாக வந்த 'லசொம்முவார்' நாவல் இங்கேதான் நடக்கிறது, லாச்சப்பல் பெருவீதியிலும் பக்கத்துக் கூத் தோரிலும். அதில் வரும் கூப்போ துத்தநாகக் கூரை வேலைக்காரன். கூரையிலிருந்து சறுக்கி விழுவதோடு குடும்பத்தின் சரிவும் தொடங்குகிறது. எழுதியவரின் முடிவும் கூரைக்கும் அடுப்புக்கும் இடையில்தான் வந்தது. 1902 செப்டெம்பர் 28 அன்று சோலாவும் மனைவியும் மெதானிலிருந்து ரூ த புருக்செல் வீட்டுக்குத் திரும்பினார்கள். குளிராக இருந்ததால் படுக்கையறைக் கணப்பில் தீ மூட்டப்பட்டது. இரவில் இருவருக்கும் உடம்பு சரியில்லை. வேலைக்காரரை எழுப்புவோம் என்றபோது சோலா வேண்டாமென்றாராம், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து. காலையில் கதவை உடைத்தார்கள். மனைவி பிழைத்துக்கொண்டார். அவர் இல்லை.

விசாரணை நடந்தது. அதே அறையில் மறுபடி தீ மூட்டி, கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். அவை சாகவில்லை. விபத்து என்று கோப்பு மூடப்பட்டது. 1953இல் லிபெராசியோன் என்ற பெயரில் அன்று வெளிவந்த நாளேட்டில் புதுக் கதை ஒன்று வந்தது: திரைஃபுஸ் வழக்கில் சோலா எடுத்த நிலைப்பாட்டை வெறுத்த புகைபோக்கி ஒப்பந்தக்காரர் ஒருவர், அடுத்த கூரையில் வேலை செய்தபோது தானே வழியை அடைத்துவிட்டு விடியற்காலையில் திறந்துவிட்டதாக, சாவதற்கு முன் நண்பரிடம் சொன்னாராம். நிரூபிக்கப்படவில்லை. இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் அதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

எனக்கு அதில் பிடிபடுவது வேறு. பகையால் அடைபட்டதா, கவனக்குறைவால் அடைபட்டதா என்று சோலாவின் உடலை வைத்துச் சொல்ல முடியவில்லை. வன்மமும் அசட்டையும் ஒரே விதமாகத்தான் கொன்றிருக்கும். சட்டத்துக்கு அந்த வேறுபாடு முக்கியம். ஒன்று கொலை, மற்றது விபத்து. படுக்கையில் கிடந்தவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? "வேணுமெண்டு செய்யேல்லை" என்பது மன்னிப்புக்கு நல்ல காரணம். அதே அடுப்பை மறுபடி மூட்டுவதற்கு அது காரணமாகாது. நாம் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறோம். ஆளை மன்னிப்பதென்றால் வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், வேலையைப் பிழையென்றால் ஆளையும் பகைக்க வேண்டும் என்கிற கணக்கு. இந்தக் கணக்கை அந்நிய மண்ணில் இன்னும் இறுக்கமாகப் போடுகிறோம், ஏனென்றால் இங்கே சனம் கொஞ்சம், முகங்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும்.

இதே முடிச்சுத்தான் தொடக்கத்திலும். தெரிந்தவனிடம் தெவி என்கிற விலை மதிப்பீடு கேட்பது, பக்தூர் என்கிற விலைச்சிட்டை கேட்பது, காப்புறுதித் தாளைக் காட்டு என்பது எல்லாம் அவமதிப்பாகப் படுகிறது. காசைக் கையில் கொடுத்தால் அவனுக்கும் லாபம், நமக்கும் லாபம் என்கிறோம். லாபக் கணக்கே பிழை. தகுதிச் சான்று பெற்ற நிறுவனம் பொருத்தியிருந்தால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகைகூட இருந்தது. அதைவிடப் பெரியது காப்பு. 1978 ஜனவரி 4ஆம் திகதிச் சட்டப்படி பிரான்சில் கட்டடவேலைக்குப் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு. தெசெனால் என்று எல்லாரும் சொல்வது. 2017இல் உயர் நீதிமன்றமான கூர் த கசாசியோன் அதை அகலப்படுத்தி, ஏற்கெனவே இருக்கும் வீட்டில் பின்னர் பொருத்தும் சாதனங்களால் வீடே வாழத் தகாததாகிவிட்டால் அதற்கும் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு என்றது. 2024 மார்ச் 21 அன்று அந்த நிலைப்பாட்டைத் தானே மாற்றிக்கொண்டது. மாற்றிய வழக்கு எது தெரியுமா? கணப்பில் இன்சேர் பொருத்திய பின் தீப்பிடித்து அழிந்த ஒரு வீட்டின் வழக்கு. பொருத்திய சாதனம் தன்னளவில் ஒரு கட்டடவேலை ஆகாதென்றால் பத்தாண்டுக் காப்பு இல்லை, சாதாரண ஒப்பந்தப் பொறுப்பு மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம். ஒப்பந்தத்தை வைத்து வழக்காட வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தம் ஒன்று இருக்க வேண்டும். தேநீரும் வடையும் கொடுத்ததற்குச் சாட்சி உண்டு, மற்றதற்கு?

கடைசியில் அத்தான் அவனைத் தொலைபேசியில் ஏசவில்லை. அது நான் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டது. கூண்டின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தான். கருகத் தொடங்கியிருந்த தாளையும் வளையின் கறுத்த விளிம்பையும் தடவிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அண்ணை, இதுக்கு இவ்வளவு இருக்கெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது. நீங்கள் பெட்டியைக் காட்டினீங்கள், நான் பூட்டினன்."

"தெரியாதெண்டு அண்டைக்குச் சொல்லியிருக்கலாம் தம்பி."

"தெரியாதெண்டு சொன்னா ஆர் வேலை தருவினம்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை, ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் ஆள் பிடித்தோம். இந்த ஊரில் தெரியாது என்று சொல்பவனுக்கு நல்ல பெடியன் பட்டம் கிடைப்பதில்லை. எல்லாம் தெரியும் என்பவனுக்கே எண் கைமாறுகிறது. குறைந்தபட்சம் அவன் கூலியைத் தவணையில் திருப்பித் தந்தான். சிலர் அதை அவனுக்குச் செய்த கொடுமை என்று பேசினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவன் அடுத்த வீட்டிலும் அதே முழ நீளக் குழாயை வைத்திருப்பான், அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்கும்.

தகுதியுள்ள நிறுவனம் ஒன்று வந்து எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்தது. குழாய் மேலே வரை போனது. எட்டு மீற்றருக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட நாற்பது சென்ரிமீற்றர் உயரத்தில் அதன் வாய் இருக்க வேண்டும் என்று அளந்து வைத்தார்கள். வெளிக்காற்றுக்கு வழி வந்தது. அக்கா காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டினாள். முடிவில் ஒரு சின்ன உலோகத் தகடு. குழாயின் வகை, பொருத்திய திகதி, பொருத்தியவரின் பெயர். புகைவழிக்கு இப்படியொரு தகடு வைக்க வேண்டும் என்பது விதி. முழுக்கச் சுவருக்குள் மறைந்துவிடும் வேலைக்குச் செய்தவன் தன் பெயரை வெளியே எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. கோயில் உபயத்தில் ரியூப் லைற்றில் பெயர் எழுதும் நம் ஆட்கள் இதை ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லையோ.

அத்தானும் அவனும் தேருக்கு முகம் பார்த்தார்கள். தலையசைத்துக்கொண்டார்கள். பழையபடி இல்லை, பழையபடி ஆகும் என்று யாரும் சொல்லவுமில்லை. அவன் பெயின்ற் வேலையில் உண்மையிலேயே கெட்டிக்காரன். போன மாதம் என் அறைக்கு அவன்தான் அடித்தான், பக்தூரோடு.

விறகடுப்புப் பொருத்த ஆள் தெரியுமா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நிறுவனத்தின் எண்ணைக் கொடுக்கிறேன். என்னென்ன தாள் கேட்க வேண்டும், குழாய் எதுவரை போக வேண்டும், தகடு எங்கே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டுப் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"