காவலும் வேவும்

வீட்டுக்குக் காவற் கமரா வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள் சிலவே. இரவிலே முகம் தெரியுமா, மழையிற் பழுதாகுமா, கைத்தொலைபேசியிற் பார்க்கலாமா, விலை என்ன என்பவற்றோடு அவை முடிந்துவிடுகின்றன. அக்கமரா யாரைப் பார்க்கப் போகின்றது என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. கள்வனைப் பார்க்கப் போகின்றது என்பதே இருவரதும் எண்ணம். ஆயின் கள்வன் ஒரு வீட்டுக்கு வருவது பல ஆண்டுகளில் ஓரிரவு, வராமலும் விடலாம். எஞ்சிய பகலெல்லாம் இரவெல்லாம் அக்கண் பார்த்துக்கொண்டிருப்பது கள்வரல்லாத மனிதரையே. தன் வீட்டைக் காக்கும் உரிமை ஒருவருக்கு உண்டென்பதில் ஐயமில்லை. அவ்வுரிமைக்குள், பிறரின் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கும் உரிமையும் அடங்குமா என்பதே வினா.

இவ்வினாவை எழுப்புவோர் மக்களின் அச்சத்தை ஏளனம் செய்தலாகாது. திருட்டுக்கு அஞ்சுவோர் யாவரும் பணம் படைத்தவரே என்று நம்மிற் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. ஒரு சோடிக் காப்புப் போனால் செல்வந்தர் இன்னொரு சோடி வாங்குவார். சிறு தோட்டக்காரனின் நீரிறைக்கும் இயந்திரம் போனால் அந்தப் போகமே போய்விடும். இக்கருவியின் வரலாறும் இதனை உணர்த்துகின்றது. நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு தாதி. அவரும் மின்னணுத் தொழினுட்பம் அறிந்த அவர் கணவரும் வேளைகெட்ட வேளைகளில் வேலைக்குச் சென்று வருபவர்கள். அயலிலோ குற்றங்கள் மலிந்திருந்தன. அழைத்தாற் பொலிசார் விரைந்து வருவதுமில்லை. கதவிலே வெவ்வேறு உயரங்களில் துவாரங்களை அமைத்து, அவற்றினூடே பார்க்கும் கமரா ஒன்றைப் பொருத்தி, வெளியே நிற்பவரைப் படுக்கையறைத் திரையிற் காட்டும் ஒழுங்கொன்றை அவர்கள் வகுத்தனர். 1966இல் அதற்குக் காப்புரிமை கோரினர். 1969 டிசெம்பரில் அது கிடைத்தது. அரசு காக்காத இடத்தில் உழைக்கும் பெண்ணொருத்தி தன்னைத் தானே காத்துக்கொள்ள முயன்றதன் விளைவு அது. வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதை வீட்டிலிருப்பவருக்குக் காட்டுவதே அதன் தொழில்.

இன்று நமது கடைகளில் விற்கப்படும் கம்பியில்லாக் கமராவின் தொழில் அதனோடு நிற்பதில்லை. வாசலுக்கு வராமல் வீதியாற் போகின்றவரையும் அது காண்கின்றது. கண்டதை மறவாமல் வைத்திருக்கின்றது. வைத்திருப்பதைப் பெரும்பாலும் வேற்று நாட்டிலுள்ள கம்பனியொன்றின் கணினிகளுக்கு அனுப்பிவிடுகின்றது. (கம்பியில்லாதது என்பதும் அரைகுறை உண்மையே. மின்கலத்தில் இயங்குவன தவிர ஏனையவற்றுக்கு மின்கம்பி வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, மின்கலக் கமராக்களுங்கூட ரவுட்டர் அணைந்ததும் தாம் கண்டதை அனுப்ப வழியின்றிப் போயின. இருட்டில் உதவுவதற்கென வாங்கிய பொருள் ஊர் முழுவதும் இருண்டபோது உதவவில்லை.)

கம்பனியின் கணினிக்குச் சென்ற படம் அங்கே பத்திரமாக இருக்கும் என்பதற்கு விளம்பரமே பிணை. 2023 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, அமேசனுக்குச் சொந்தமான றிங் கம்பனி தன் வாடிக்கையாளரின் படுக்கையறை, குளியலறைப் படங்களைக்கூட ஊழியர்கள் பார்க்க இடமளித்திருந்தது என்று குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி அக்கம்பனி வழக்கை முடித்துக்கொண்டது. வேவு பார்க்க எண்ணாத வீட்டுக்காரரையே வேவு பார்க்கும் வாய்ப்பினை அவர் தம் காசு கொடுத்து ஏற்படுத்திவிடுகின்றார்.

ஆயினும் வீட்டுக்காரருக்கு வரும் தீங்கை மட்டும் பேசுவது பாதிப் பேச்சே. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிற் கிடுகு வேலிகள் இருந்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். அவ்வேலி காத்த பெருமைகள் எல்லாம் போற்றத்தக்கன அல்ல. சாதியின் அகந்தையும் பெண்ணின் சிறையும் அதற்குள்ளே வளர்ந்தன என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் பார்வையைப் பொறுத்தவரையில் வேலியிடம் ஒரு நேர்மை இருந்தது. உள்ளிருப்பவரை வெளியிலிருப்பவர் காணாதவாறே, வெளியிற் போகின்றவரை உள்ளிருப்பவரும் எளிதிற் காணவில்லை. பொட்டு வழியே எட்டிப் பார்த்தவருக்கு, பார்க்கிறோமே என்ற கூச்சமாவது இருந்தது. இன்று வேலி போய்க் கல்மதில் வந்துவிட்டது. மதிலின்மேற் கமராவும் ஏறிவிட்டது. மதில் தன் உடையவரை முற்றாக மறைக்கின்றது. கமரா மற்றவரை முற்றாகத் திறந்துவைக்கின்றது. காண்பவர் காணப்படுவதில்லை, காணப்படுபவர் காண்பவரை அறிவதில்லை. இந்தச் சமமின்மையே காவலை வேவாக்குகின்றது.

காணப்படுபவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வாகனத்திற் போகின்றவர் அக்கண்ணுக்குத் தப்பிவிடுகின்றார். முகம் பதிவாவது நடந்து போகின்றவருக்கும் சைக்கிளிற் போகின்றவருக்குமே: மீன் விற்பவர், தேங்காய் பறிப்பவர், கூலிக்கு வளவு துப்புரவு செய்பவர், மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவி. வீட்டினுள்ளே வேலை செய்யும் பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. அடுக்களையில் அவள் ஒரு கணம் இளைப்பாறி உட்காருவதும் பதிவாகின்றது. சிங்கப்பூரின் மனிதவள அமைச்சு, கமரா பொருத்தும் எசமானர் அதனை வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அறிவிக்க வேண்டுமென்றும், அவள் உறங்கும் இடத்திலும் உடைமாற்றும் இடத்திலும் அதனை வைக்கலாகாதென்றும் சொல்கின்றது. இவ்வளவைக்கூட எழுதிச் சொல்லவேண்டி வந்ததே வெட்கத்துக்குரியது. நம் நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர் மேற்காசிய நாடுகளிற் பிறர் வீட்டுக் கூரைகளின்கீழ் உழைத்து அனுப்பும் பணத்தில் வாழும் ஒரு சமுதாயம், தன் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணை எவ்வாறு பார்க்கின்றது என்பது சிறிய விடயமன்று.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. வள்ளுவர் அதனை வைத்த இடம் பொருட்பாலில் அரசியல். அரசனுக்கு ஒற்றர் வேண்டுமென்று கருதிய அவர் இல்லறவியலில் வேவுக்கு அதிகாரம் வகுக்கவில்லை. வாசலுக்கு வருபவரைப் பற்றி அங்கே பேசப்படுவது விருந்தோம்பல். அரசனின் ஒற்றே நமக்கு உவப்பானதன்று என்பது வேறு கதை. சோதனைச் சாவடிகளுக்கும் காவலரண்களுக்கும் நடுவே நீண்ட காலம் வாழ்ந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு, தன்னைப் பார்ப்பவரைத் தான் காணாமல் நடந்து செல்வது எத்தகைய அனுபவமென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அதே பார்வையை இன்று நாமே தவணை முறையில் வாங்கி நம் ஒழுங்கையில் மாட்டுகின்றோம்.

இதற்கு மறுமொழியாக, கமராவாற் குற்றவாளி பிடிபட்ட நிகழ்ச்சிகள் காட்டப்படும். அவற்றுள் மிகக் கடினமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செக் நாட்டவர் ஒருவரின் வீடு பலமுறை தாக்கப்பட்டு யன்னல்கள் உடைக்கப்பட்டன. அவர் கூரை விளிம்பின்கீழ்க் கமரா ஒன்றைப் பொருத்தினார். அது தன் வாசலோடு வீதியையும் எதிர் வீட்டு வாசலையும் பதிவுசெய்தது. மீண்டும் யன்னல் உடைந்தது. அப்பதிவைக் கொண்டே சந்தேக நபர் இருவர் இனங்காணப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அப்பதிவு சட்டபூர்வமானதா என்று கேட்டார். 2014 டிசெம்பர் 11ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று, பொது வீதியைப் பதிவுசெய்யும் கமராவை முற்றிலும் வீட்டுக் காரியமென்று கொள்ளல் ஆகாது எனத் தீர்த்தது. உயிரையும் உடைமையையும் காக்கும் நியாயமான நலனையும் எடைபோடலாம் என்று அம்மன்று சேர்த்துச் சொன்னதையும் மறைக்கலாகாது. காவல் குற்றமென்று அது கூறவில்லை. வீதி உன் வீடன்று, ஆகவே அங்கே நீ பதில்சொல்லக் கடமைப்பட்டவன் என்றே கூறியது. இத்தீர்ப்பு எனக்கு முற்றிலும் சரியாகவே படுகின்றது. யன்னலில் எறியப்பட்ட கல் எதிர் வீட்டாரின் உரிமையை அழித்துவிடவில்லை. நம் நாட்டிலோ 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகச் செய்யும் காரியங்களைத் தன் எல்லைக்குள் எடுப்பதில்லை. வீட்டுத் தேவை எங்கே முடிகின்றது என்பதை இப்போதைக்கு ஏணியில் ஏறி நிற்பவரின் மனச்சாட்சியே தீர்மானிக்கின்றது.

ஆகையால் ஏணியின்மேற் செய்யும் வேலை வெறுந் தொழினுட்ப வேலையன்று. அகன்ற கோணத்தைக் காட்டும் வில்லை நல்லதென்று கடையிற் சொல்வார்கள். அகலம் கூடக்கூட அயலவனின் முற்றமும் கூடவே வந்து விழும். கமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரித்தாற் படலையும் நடைபாதையும் மட்டும் தெரியும். சரிக்க இயலாவிடின், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக்கி மறைக்கும் வசதி பல கமராக்களில் உண்டு. அதனைத் தேடிப் பயன்படுத்துவோர் அரியர். ஒலிவாங்கியை அணைத்துவிட வேண்டும். 2021இல் ஒக்ஸ்போட் மாவட்ட நீதிமன்றம் ஒன்று, அயலவர் தொடுத்த வழக்கில், வாசற்கமரா வெகுதூரத்து உரையாடலையும் பிடிப்பது அளவுமீறியது என்று கண்டது. கள்வனைக் காண்பதற்கு அயலவரின் பேச்சு எதற்கு? பதிவைக் கமராவிலுள்ள மெமரி காட்டிலேயே வைத்துச் சில நாளில் அழிய விடலாம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது அயலவருக்கும் செய்யும் தீங்காகும். 2016இல் அவ்வாறு விடப்பட்ட கமராக்களை உலகெங்கும் கைப்பற்றியே மிறாய் என்ற தீநிரல் இணையத்தின் பெரும்பகுதியைத் தடுமாறச் செய்தது. இவற்றோடு, படலையில் ஓர் அறிவிப்புப் பலகையும், அயலவரை அழைத்துப் படத்தைக் காட்டுவதும் வேண்டும். அவ்வாறு காட்டக் கூசுமானால் கமராவின் கோணம் பிழையென்று அறிந்துகொள்ளலாம்.

இன்னுமொரு நிலை உண்டு. அங்கே கள்வனும் இல்லை, அயலவனும் இல்லை. பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, தாய் ஊரிலே தனித்திருக்கின்றாள். பிள்ளைகள் பணம் அனுப்பிக் கூடத்திற் கமரா பூட்டுகின்றனர். தாய் விழுந்துவிட்டாளோ, மருந்து எடுத்தாளோ என்று கடல்கடந்து பார்க்கும் அவ்வன்பைப் பழிக்க எவருக்கும் மனம் வராது. ஆயினும் அவள் தன் வீட்டிலே சேலையைத் தளர்த்திக்கொண்டு உட்காரவும், விலக்கப்பட்ட இனிப்பில் ஒரு துண்டு எடுக்கவும், போன கணவனை எண்ணித் தனியே அழவும் இடமின்றிப் போகின்றாள். பூட்டுவதற்கு முன் அவளிடம் கேட்டவர் எத்தனை பேர்? கமரா எங்கே இருக்க வேண்டுமென்பதை அவளே காட்டட்டும். படலையிற் போதும் என்பாளாயின் படலையிலே பூட்டுங்கள். கூடத்திலும் இருக்கட்டும் என்பாளாயின், அதன் மின் ஆளியை அவள் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். அவள் அதனை அணைத்துவிட்ட மாலையில், தொலைபேசியில் அழைத்து ஏன் அணைத்தாய் என்று கேட்காதீர்கள்.