முகம் காணாச் சிநேகம்

கண்டியில் டியூசன் வகுப்புகள் கலையும் மாலை வேளையில், பேராதனை வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கையில் கொப்பியும், அக்கொப்பியின் இடுக்கில் கைத்தொலைபேசியும் இருப்பது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. 2020 ஆம் ஆண்டில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மத்திய கிழக்கில் உழைக்கும் தாய் அனுப்பிய பணத்திலோ, தோட்டத்துத் தகப்பன் பட்ட கடனிலோ பாடத்தின் பொருட்டு வாங்கப்பட்ட அக்கருவியின் வழியே, முகமறியாச் சிநேகிதர்களும் வீட்டினுள் நுழைந்துவிட்டனர். அச்சிநேகத்தை நம்பி ஒரு பிள்ளை அனுப்பத்தகாத படமொன்றை அனுப்பிவிட்டால் குற்றம் யாருடையது? பிள்ளையினுடையதன்று. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வீடு, தான் அறியாமலே, மிரட்டுபவனுக்குத் துணைபோகிறது.

தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில் 2019 ஆம் ஆண்டு வெளிப்பட்ட கொடுமை இதற்குச் சாட்சி. முகநூலில் சிநேகம் பூண்டு, இளம் பெண்களைத் தனியிடங்களுக்கு அழைத்துச் சென்று, வதைத்துப் படம்பிடித்து, அப்படத்தையே காட்டி மிரட்டியது ஒரு கூட்டம். முறைப்பாடு செய்த மாணவியின் பெயரைப் பொலிஸ் உயரதிகாரி ஒருவரே பத்திரிகையாளர் முன் பகிரங்கப்படுத்தினார் என்றால், மற்றப் பெண்கள் ஏன் வாய் திறக்க அஞ்சினர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ? எனினும் சாட்சிகளில் ஒருவரேனும் பிறழவில்லை. 2025 மே 13 இல் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதிக்கப்பட்டது.

மிரட்டுபவன் கேட்பது ஒரே கேள்விதான்: “அம்மாவுக்கு அனுப்பட்டா?” தாயின் சினத்துக்கு அஞ்சாத பிள்ளையிடம் அக்கேள்வி பலிப்பதில்லை. அவனுடைய பலமெல்லாம் அந்த அச்சத்தில்தான் இருக்கிறது. அவ்வச்சத்தை ஆண்டாண்டாக வளர்த்துக் கொடுத்தவர்களோ நாம்.

“ஆராயாமல் பழகியது பிள்ளையின் பிழையல்லவா” என்பார் உளர். வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களைப் பொருட்பாலில் வைத்தார். நாலடியாரும் நட்பாராய்தலையும் கூடா நட்பையும் தனித்தனியே பேசிற்று. உலகியல் அறிந்த பெரியோர்க்கே இத்தனை எச்சரிக்கை வேண்டியிருந்ததெனில், எட்டாம் வகுப்புச் சிறுமியிடம் அவ்விவேகத்தை எதிர்பார்ப்பது எந்த நியாயம்? காணாமலே கொண்ட நட்பும் நம் மரபுக்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை அவனைக் கண்டிராத பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து உடனிருந்து உயிர்நீத்தார் என்கிறது புறநானூறு. ஆபத்தில் ஓடிவருபவன் அந்த நண்பன். ஆபத்தையே உண்டாக்கி மறைபவன் இந்த நண்பன்.

முகமறியாதவரின் மிரட்டல் மட்டுமன்று, சகமாணவரின் பரிகாசமும் பிள்ளையை வதைப்பதே. வகுப்புக்கென அமைத்த வட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் நிறத்தையோ, லயன் வீட்டையோ இகழ்ந்து ஒருவன் எழுத, நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை இடுகின்றனர். 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகனையில் மூண்ட இனக்கலவரத்தின்போது, வெறுப்புப் பேச்சு பரவாதிருக்க முகநூலையும் வட்ஸ்அப்பையும் அரசு முடக்கியதைக் கண்டவர்கள் கண்டியார். ஊரை எரிக்கவல்ல சொல், ஒரு சிறு மனத்தை என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பும் வேண்டியதே, இரவில் தொலைபேசி பெற்றோர் அறையில் கிடக்கட்டும். ஆனால் பறித்துவைப்பது மட்டுமே பரிகாரமென எண்ணும் வீட்டில், பிள்ளை அடுத்த முறை இன்னும் ஆழமாக மறைக்கவே கற்றுக்கொள்ளும்.

பெற்றோரே, இன்றிரவே பிள்ளையை அருகழைத்து, “என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். உங்களிடம் சொல்ல நாணினால் அழைப்பதற்கென, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும் பிள்ளையின் கொப்பியில் எழுதிக்கொடுங்கள். அவ்வழைப்புக்குக் கட்டணமில்லை.