மன்னாவில் புழு வந்தது ஏன்?



 

கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லாத விசுவாசி ஒருவரும் இல்லை. ஞாயிறு ஆராதனையில் இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்ணீரோடு சொல்லுகிறோம். ஆனால் திங்கட்கிழமை காலையில் கேஸ் தீர்ந்துபோய், பிள்ளையின் பீஸுக்கும் கடைசி நாள் அதுதான் என்றால் அந்த நம்பிக்கை எங்கே போகிறது? யாரிடம் கைமாத்து கேட்கலாம் என்றுதான் முதலில் மனசு ஓடுகிறது. உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. என் மனசும் அப்படித்தான் ஓடுகிறது.

கையில் ஒன்றுமில்லாத போது கர்த்தரை நம்புவதுதான் கஷ்டம் என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது கஷ்டம்தான். ஆனால் அதைவிடக் கஷ்டமான பாடம் ஒன்று உண்டு. கையில் கொஞ்சம் இருக்கும்போது கர்த்தரை நம்புவதே அது. அந்தப் பாடத்தை யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஆவியானவர் நமக்கு வைத்திருக்கிறார். வேதாகமத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரே மன்னா, மூன்று விதம்

இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. செங்கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். மாராவின் கசப்பான தண்ணீர் மதுரமானதை ருசித்தவர்கள். ஏலிமில் 12 நீரூற்றுகளும் 70 பேரீச்சமரங்களும் இருந்த இடத்தில் இளைப்பாறியவர்கள். இவ்வளவு கண்ட ஜனங்கள் சீன் வனாந்தரத்தில் பசி எடுத்தவுடனே எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை நினைத்து முறுமுறுக்கிறார்கள். கடலைப் பிளந்தவர் மேல் இருந்த நம்பிக்கை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் காணாமல் போய்விட்டது. பெரிய அற்புதத்துக்கு விசுவாசம் இருந்தது. தினசரி சாப்பாட்டுக்கு இல்லை. நம்முடைய கதையும் இதுதானே?

கர்த்தர் வானத்திலிருந்து மன்னாவைப் பொழிந்தார். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அதாவது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு. நம்முடைய கணக்குக்குச் சுமார் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாளுக்கு அந்தந்த நாளின் பங்கு. விடியற்காலம் மட்டும் ஒருவரும் மீதி வைக்கக்கூடாது என்று மோசே சொன்னார். சிலர் கேட்கவில்லை. வைத்தார்கள். காலையில் பார்த்தால் புழு நெளிகிறது, நாற்றம் அடிக்கிறது.

இப்போது கவனியுங்கள். அதே அதிகாரத்தில் இன்னொரு மன்னாவும் ராத்திரி முழுவதும் பாத்திரத்தில் இருந்தது. ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து, ஓய்வுநாளுக்கென்று வைத்த மன்னா. அது நாறவில்லை, புழுவும் வரவில்லை. மூன்றாவதாக ஒரு மன்னா உண்டு. கர்த்தர் வனாந்தரத்தில் போஷித்ததைப் பின்சந்ததியார் பார்க்கும்படி ஒரு ஓமர் மன்னாவை எடுத்து வைக்கச் சொன்னார். அது பொற்பாத்திரத்தில் இருந்ததாக எபிரெயர் 9-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அது ஒரு ராத்திரி அல்ல, தலைமுறை தலைமுறையாக இருந்தது.

ஒரே வானத்து மன்னா. ஒன்று ஒரே ராத்திரியில் புழுத்தது. ஒன்று கெடாமல் இருந்தது. ஒன்று காலாகாலத்துக்கும் நின்றது. வித்தியாசம் மன்னாவில் இல்லை, அதை வைத்த இருதயத்தில் இருந்தது.

என் வீட்டில் இருந்த புழு

2012-ஆம் வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். வெட்கத்தோடுதான் சொல்லுகிறேன்.

நான் வாரத்தில் ஆறு நாள் லேத் பட்டறையில் வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமை சபை ஊழியம் பார்த்து வந்தேன். அந்த வருஷம் நம்முடைய தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. நாங்கள் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர்கள். பீஸ் கணக்கில் கூலி. மெஷின் ஓடினால்தான் காசு. சனிக்கிழமை கையில் வருகிற கூலி பாதிக்கும் கீழே போய்விட்டது.

அப்போது என்னிடம் 4,000 ரூபாய் இருந்தது. என் மனைவிக்கும் தெரியாது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது எழுதிய நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள்ளே மடித்து வைத்திருந்தேன். வீட்டு வாடகைக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் பயத்துக்கு நான் வைத்திருந்த மருந்து. ராத்திரி தூக்கம் வராவிட்டால் எழுந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பேன். ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தது. நம்முடைய சகோதரி ஒருவர் கடைசி ஆளாக நின்றார்கள். வீட்டுக்காரர் கட்டட வேலையில் விழுந்து காலில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். "ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். வேறே ஒன்றும் கேட்கவில்லை. நானும் வேறே ஒன்றும் கேட்கவில்லை. கை வைத்து நன்றாக ஜெபம் பண்ணினேன். சமாதானத்தோடே போங்கம்மா என்று அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "என்னங்க, அந்த அக்கா வீட்ல ரெண்டு நாளா அடுப்பு சரியா எரியலையாம்" என்றாள். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. உடனே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வாடகை தர இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு நான் எடுத்திருந்த பகுதி இதே யாத்திராகமம் 16. பிரசங்கக் குறிப்பு எழுத விடியற்காலையில் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அட்டையைத் திறந்தேன். ரூபாய் நோட்டுகளைப் பார்த்தேன். பிரியமானவர்களே, அந்த நாற்றம் எனக்கு அடித்தது. என் மனைவியை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "முதல்ல கிளம்புங்க" என்றாள்.

அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு, 1,500 ரூபாயும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தச் சகோதரி கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடன் அழுதுவிட்டார்கள். "ராத்திரி பிள்ளைங்க கேட்டாங்க ஐயா. காலையில இயேசப்பா அனுப்புவார்னு தண்ணி குடுத்துப் படுக்க வெச்சேன்" என்றார்கள்.

நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களுடைய ஜெபத்துக்குக் கர்த்தர் காலையில் பதில் கொடுக்கவில்லை. முந்தின நாளே கொடுத்துவிட்டார். அந்தப் பதில் என்னுடைய நோட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. நான்தான் அதை ஒரு ராத்திரி பிடித்து வைத்தேன். அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துப் படுத்த அந்த ராத்திரியை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. கர்த்தர் மன்னித்தார். ஆனாலும் நான் மறக்கவில்லை.

கொடுத்த 1,500 ரூபாய் 15,000 ஆகத் திரும்பி வந்ததா என்று சிலர் கேட்பீர்கள். வரவில்லை. வாடகை பத்து நாள் தாமதமானது. வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு வேளையும் அடுப்பு எரியாமல் போகவில்லை. என் மனைவிக்கும் எனக்கும் நடுவில் ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை. ராத்திரி தூங்கினேன். எனக்கு அந்த அற்புதம் போதும்.

மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை

மன்னாவை மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீந்துபோகவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைந்துபோகவில்லை என்று யாத்திராகமம் 16:18-இல் பார்க்கிறோம். அந்த வசனத்தைப் பவுல் எங்கே எடுத்துச் சொல்லுகிறார் தெரியுமா? 2 கொரிந்தியர் 8-இல், எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகத் தர்மப்பணம் சேர்க்கும்போது சொல்லுகிறார். இன்றைக்கு உங்களுடைய மிகுதி அவர்களுடைய குறைவுக்கு உதவட்டும், நாளைக்கு அவர்களுடைய மிகுதி உங்களுக்கு உதவும் என்பது அவருடைய கருத்து. வனாந்தரத்தில் மன்னா வானத்திலிருந்து நேராக விழுந்தது. சபையிலோ அது ஒரு சகோதரன் கை வழியாக வருகிறது. ஆகவே நான் பயத்தினால் மூடி வைப்பது என்னுடைய பங்கு மட்டும் அல்ல. பக்கத்துக் கூடாரத்தின் பங்கும் அதில் இருக்கலாம்.

இங்கிலாந்து தேசத்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் ஜார்ஜ் முல்லர் 1836-ஆம் வருஷம் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். மனுஷரிடத்தில் பணம் கேட்பதில்லை, தேவனிடத்தில் மாத்திரம் கேட்பேன் என்று தீர்மானித்தவர். 1898-இல் அவர் மரிப்பதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவருடைய விசுவாசத்தை நாம் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அவர் முழங்காலில் நின்றபோது, ஆவியானவர் சொன்னவுடனே கையைத் திறந்த பெயர் தெரியாத ஜனங்களை யோசித்தீர்களா? அவர்களும் கர்த்தரை நம்பினவர்கள்தான். முல்லர் ஒன்றுமில்லாத போது நம்பினார். அவர்கள் கையில் இருக்கும்போது நம்பினார்கள்.

அப்படியானால் சேமிக்கக்கூடாதா?

சேமிக்கலாம். ஆறாம் நாள் மன்னா கெட்டுப்போகவில்லையே. யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் தானியம் சேர்த்தார், அதினால் ஜனங்கள் பிழைத்தார்கள். மகள் படிப்புக்கு பேங்கில் போடுவதும், சீட்டு கட்டுவதும் அவிசுவாசம் அல்ல. கீழ்ப்படிதலில் வைத்தது கெடாது. பயத்தில் ஒளித்ததுதான் புழுக்கும். எது எது என்று கண்டுபிடிக்க உங்களையே கேளுங்கள்: இது என் வீட்டாருக்குத் தெரியுமா? கர்த்தர் இன்றைக்குத் திற என்றால் திறப்பேனா?

தினசரி வாழ்க்கையில் இதைப் பழக மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, காலையில் போனைத் தொடுமுன் அன்றைய நாளுக்கு உள்ளதை மட்டும் கேளுங்கள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் இருப்பது அன்றன்றைய ஆகாரம்தான், அடுத்த வருஷத்து ஆகாரம் அல்ல.

இரண்டாவது, ஜெபக்குறிப்பு சொல்லுகிறவரிடம் ஜெபத்தோடு நிறுத்தாமல், "வீட்ல சாப்பாட்டுக்கு இருக்காம்மா?" என்று கேளுங்கள். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள். இதை வாசித்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியில் கூடுதலாகப் போடுங்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. உங்கள் தெருவைப் பாருங்கள், அது போதும்.

மூன்றாவது, ஒரு பொற்பாத்திரம் வையுங்கள். கர்த்தர் நடத்தினதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னுடைய அந்தப் பழைய நோட்டின் அட்டைக்குள் இப்போது ரூபாய் இல்லை. அந்தச் சனிக்கிழமையின் தேதியை அதில் எழுதி வைத்திருக்கிறேன். பயம் வரும்போது அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

நாற்பது வருஷம் பெய்த மன்னா, கில்காலில் கானான் தேசத்துத் தானியத்தைப் புசித்த மறுநாள் நின்றது. ஒரு நாள் முந்தியும் நிற்கவில்லை. நம்முடைய தேவன் கணக்குத் தெரிந்தவர்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, பயத்தினால் மூடின எங்கள் கைகளைத் திறந்தருளும். இன்றைக்கு வேண்டியதைத் தந்தீர், ஸ்தோத்திரம். நாளைக்கும் நீரே எங்கள் தேவன். எங்கள் கையில் நீர் வைத்த அடுத்தவர் பங்கை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென். அல்லேலூயா!